மடைச் சாவியும் ஒரு பாலடினும்

“அலைன்மென்ட்டா? வண்டிக்குப் பார்ப்பாங்களே, அதா?” என்று கேட்டான் பாத்திரக்கடை நண்பன். நான் முதன்முதலாக அந்தச் சொல்லை அவனிடம் சொன்ன நாள் அது. அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால் அவன் கேட்டது அவ்வளவு தப்பில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கேயும் வேலை. யார் பார்ப்பது, எவ்வளவு கறாராகப் பார்ப்பது, இழுத்தால் என்ன செய்வது என்பதில்தான் எங்கள் கூட்டம் ஒருமுறை உடைந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம். கும்பகோணத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, பழைய பேப்பர் கட்டுகள் போட்டு வைக்கும் அறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேர் அங்கே கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதை உலகத்தை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்று பெயர். அது நான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு, ‘நான் இப்போ இதைச் செய்யறேன்’ என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஆரம்பத்தில் எங்களிடம் 20 பக்கப் பகடை இல்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அதற்குக் குடவோலை என்று பெயர் வைத்தோம். பகடை வாங்கி வருஷக்கணக்கு ஆகியும் ‘குடவோலை எடு’ என்றுதான் இன்னும் சொல்கிறோம்.

அலைன்மென்ட் என்பது பாத்திரத்தின் குணத்துக்குக் குத்தும் முத்திரை. லாஃபுல், நியூட்ரல், கேயாட்டிக் என்று ஒரு வரிசை: முறைக்குக் கட்டுப்படுகிறவனா, தன் போக்கில் போகிறவனா. குட், நியூட்ரல், ஈவில் என்று இன்னொரு வரிசை: நல்லவனா, கெட்டவனா, ரெண்டுக்கும் நடுவிலா. குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் ஒன்பது கட்டம். லாஃபுல் குட் என்றால் முறை தவறாத நல்லவன். கேயாட்டிக் குட் என்றால் நல்லது செய்வதற்காக எந்த வேலியையும் தாண்டுகிறவன். மீதி ஏழையும் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ‘ட்ரூ நியூட்ரல்’ மட்டும் என்ன என்று எனக்கும் இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

2024-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ஜூலை 28-க்குத்தான் தண்ணீர் விட்டார்கள். போர்வெல் இல்லாதவர்கள் குறுவையைக் கைவிட்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் தலைஞாயிறு பக்கத்துக்காரன். அரிச்சந்திரா நதிப் பாசனம், சுத்தமான கடைமடை. பொய்யே சொல்லாத ராஜா பேரை ஆற்றுக்கு வைத்துவிட்டு, தண்ணி வரும் தேதியை மட்டும் வருஷா வருஷம் பொய்யாகச் சொல்கிறார்கள் என்பான். வேளாண்மை படித்துவிட்டு அப்பாவோடு நிலம் பார்க்கிறவன். வயலில் வேலை இல்லாத ஜூலை. வாராவாரம் பஸ் ஏறி வந்தான். எங்கள் ஆட்டத்தில் பாலடின் அவன்தான். பாலடின் என்றால் தெய்வத்தின் முன் சத்தியம் செய்து, அதற்குப் பதிலாகக் காயம் ஆற்றும் சக்தி வாங்கிக்கொண்ட வீரன். பாத்திரத்தின் விவரம் எழுதும் தாளுக்கு ஷீட் என்று பெயர். அவன் ஷீட்டில் பெரிய எழுத்தில் லாஃபுல் குட்.

அந்த மாதம் நான் என்ன கதை நடத்தினேன் தெரியுமா? ஒரு வாய்க்கால், ஏழு ஊர், முறைப்பாசனம். தண்ணீருக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவனைக் கூப்பிட்டு அதே தண்ணீரை வைத்து ஆட்டம் காட்டினேன். அதுவே முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

கதையில் கோயில் பூசாரி மடைச் சாவியைப் பாலடினிடம் கொடுக்கிறார். ஊருக்கு இரண்டு நாள் முறை. ‘முறை மாற்றித் திறக்க மாட்டேன்’ என்று பாலடின் ஆற்றில் இறங்கிச் சத்தியம் செய்தான். ஏழாவது ஊருக்கு முறை வர இன்னும் ஆறு நாள். அங்கே நாற்று மஞ்சளடித்துவிட்டது. ராத்திரி. எங்கள் கூட்டத்துத் திருடன், அதாவது ரோக் பாத்திரம் ஆடுகிறவன், சொன்னான்: “மாப்ள, நீ தூங்கற மாதிரி படுத்துக்க. நான் பூட்டை ஒடச்சிடறேன். பழி எனக்கு.”

தலைஞாயிறுக்காரன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “ஒடைக்கறதெல்லாம் எதுக்கு? சாவி எங்கிட்டதான இருக்கு.” திறந்துவிட்டான்.

நான் உடனே, “உன் கையில இருந்த ஒளி அணைஞ்சுபோச்சு. சாமி உன்னைக் கைவிட்டுட்டாரு. இனிமே நீ பாலடின் இல்ல” என்றேன். ரொம்ப நாடகத்தனமாக, ட்யூப் லைட்டை வேறு அணைத்தேன். அடுத்த அரை மணியில் நாணல் புதரிலிருந்து ஒரு முதலை வந்தது. (கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலை இருக்கிறதே, அதன் நினைவில் கதையிலும் ஒன்றை விட்டுவைத்திருந்தேன்.) முதலை திருடனைக் கவ்வியது. காயத்தை ஆற்ற பாலடினிடம் சக்தி இல்லை. திருடன் செத்தான்.

“நான் பூட்டை ஒடச்சிருந்தா இப்ப உயிரோட இருந்திருப்பேன்” என்றான் அவன். மேஜையில் யாரும் சிரிக்கவில்லை.

தலைஞாயிறுக்காரன் ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “கடைமடையில ஒரு வாரம் வந்து இருந்து பாருடா. அப்பறம் எது லாஃபுல், எது குட்டுன்னு எனக்குச் சொல்லு.” படியிறங்கிப் போனவன் அப்புறம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அவன் போன பிறகு நான் செய்தது, கோழைகள் எல்லோரும் செய்வதுதான்: என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று விதிப் புத்தகங்களைத் தோண்டினேன். தோண்டியதில் ஒன்று தெரிந்தது. இந்த அலைன்மென்ட் முதலில் குணமே இல்லை. 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர் ஆட்டத்தில், எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கும் என்று பிரிக்க வைத்த வரிசை அது. குள்ளர்கள் இந்தப் பக்கம், டிராகன் அந்தப் பக்கம், அவ்வளவுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கொண்டுவந்தபோதும் மூன்றே பிரிவு: லா, நியூட்ராலிட்டி, கேயாஸ். குட், ஈவில் என்ற இரண்டாவது வரிசையைக் கைகாக்ஸ் 1976-இல் ஒரு கட்டுரையில் சேர்த்தார். 1978-இன் ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது கட்டமும் நிலைத்துவிட்டது. அணி பிரிக்கப் போட்ட கோடு இப்படித்தான் மனசாட்சியை அளக்கும் கோடாக மாறியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அலைன்மென்ட்டுக்கும் தனி பாஷைகூட உண்டு. லாஃபுல் குட் ஆசாமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள லாஃபுல் குட் பாஷை. அலைன்மென்ட் மாறினால் பாஷையும் போய்விடும். இதை யார், எந்த வேளையில் யோசித்தார்களோ.

கறார் என்றால் அப்போதுதான் கறார். 1979-இன் டிஎம் கையேட்டின்படி அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவல் இறங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரே நாளில் போகும். 1978-இன் ஆட்டக்காரர் கையேட்டில் பாலடினுக்கு இன்னும் கடுமை. தெரிந்தே முறை மீறினால் ஏழாவது லெவலுக்குக் குறையாத குருவிடம் போய்ச் சொல்லிப் பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே, மனமொப்பித் தீமை செய்தால் பாலடின் பட்டம் அந்த நொடியே போகும், திரும்பி வராது. இதைப் படித்ததும் ‘பார்த்தாயா, நான் செய்தது சரி’ என்று முதலில் குதித்தேன்.

“அண்ணா, அது நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்த புக்கு” என்றாள் சித்தப்பா மகள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவள், எங்கள் ஆட்டத்தில் மந்திரவாதி. “நாம ஆடறது 2014 புக்கு. அதுல பாலடின் எந்த அலைன்மென்ட்டா வேணா இருக்கலாம். சத்தியம்தான் முக்கியம். அதோட, பழைய புக்கையே நீ சரியா படிக்கல. முறை மீறினா பரிகாரம், தீமை பண்ணினாத்தான் பட்டம் போகும். தண்ணி தொறந்துவிட்டது தீமையா?”

நான் வாயை மூடிக்கொண்டேன். தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் விதி பேசக் கூடாது.

கைப்பிடி வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துதான் வந்திருக்கிறது. 2008-இல் வந்த நாலாம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகச் சுருக்கியது. நாங்கள் ஆடும் 2014-இன் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பி வந்தன, ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டு. இன்னொரு பெரிய ஆட்டமான பாத்ஃபைண்டர், 2023-இல் திருத்தி எழுதப்பட்டபோது அலைன்மென்ட்டையே தூக்கிவிட்டது. அதற்குப் பதில் பாத்திரம் நம்பும் தெய்வத்துக்கோ கொள்கைக்கோ செய்ய வேண்டியவை சில, செய்யக் கூடாதவை சில. மந்திரமும் இப்படித்தான் மாறியது. ஒரு காலத்தில் பாலடின் கண்ணை மூடி நின்றால் எதிரே நிற்பவன் கெட்டவனா என்று தெரிந்துவிடும். 2014-இல் அதே மந்திரம் பேய், பிசாசு, தேவகணம் பக்கத்தில் இருந்தால் சொல்லும். மனிதன் மனதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நம் பூம்புகாரில் அந்தப் பழைய மந்திரம் பூதமாகவே நின்றிருந்தது. சிலப்பதிகாரம் சொல்லும் சதுக்கப்பூதம், பொய்ச்சாட்சி சொல்கிறவன், புறம் பேசுகிறவன், பொய்த்தவசி, பிறன் மனைவியை விரும்புகிறவன் என்று எல்லோரையும் பாசக்கயிற்றில் பிடித்து அடித்துத் தின்னுமாம். அதே ஊரில் பாவை மன்றம் என்று ஒன்று. அரசன் கோல் வளைந்தாலோ, நீதி சொல்லும் சபை ஒரு பக்கம் சாய்ந்தாலோ அங்கே நிற்கும் பாவை வாய் திறக்காது, கண்ணீர் விடும். நான் இத்தனை நாள் டிஎம்மாக இருந்தது பூதமாகத்தான் என்று அந்த ஆகஸ்ட் மாதம் எனக்கு உறைத்தது. பிடி, அடி, தின்னு. பாவையாக இருந்திருக்கலாம். அதுவும் கறார்தான். வேறு மாதிரி கறார்.

டெல்டாவில் பிறந்தவனுக்கு இந்த ஒன்பது கட்டம் எளிதில் ஒட்டாது என்பதற்கு நம் கதைகளே காரணம். சீர்காழிப் பக்கத்துத் திருமங்கையாழ்வார் அடியார்களுக்கு அன்னமிட வழிப்பறி செய்தவர், திருமாலையே மறித்தவர். வேடுபறி உற்சவம் இன்றும் நடக்கிறது. கேயாட்டிக் குட் என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். திருவாரூரில் கல்தேரைக் காட்டினால் மனுநீதிச் சோழன். கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனை அதே போலத் தேர்க்காலில் இட்ட அப்பா. லாஃபுல் என்பதில் சந்தேகமில்லை. குட்டா? எனக்கு அந்தக் கதையில் எப்போதும் உறுத்துவது அமைச்சர்தான். சேக்கிழார் சொல்வதன்படி, ராஜா முதலில் அவரிடம்தான் தேரை ஓட்டச் சொல்கிறார். அவர் போனார், இளவரசன் மேல் தேரை ஏற்ற மனம் வராமல் தன் உயிரை விட்டுவிட்டார். உத்தரவையும் மீறவில்லை, நிறைவேற்றவும் இல்லை. இந்த ஆளுக்கு எந்தக் கட்டம்? கடைசியில் இறைவன் வந்து கன்றையும் மகனையும் அமைச்சரையும் எழுப்பிவிடுகிறார். நல்ல டிஎம்.

திருடன் ஆடுகிறவன் நிஜத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். செத்தும் எங்களை விடாதவன். புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். “ஈரப்பதம் 17 சதவீதம்னு வெச்சிருக்காங்கல்ல. மழை பேஞ்ச வருஷம் தளர்த்துவாங்க. அதுக்கு ஆர்டர் வரணும், நானா தளர்த்த முடியாது. 17.8 காட்டினா மூஞ்சியப் பாத்துக்கிட்டு, காயவெச்சு எடுத்துட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு மாப்ள, மீட்டர் காட்டறது நெல்லோட ஈரம். அந்த ஆளோட குணம் இல்ல. நீ அன்னிக்கு ஆளையே மீட்டர்ல சொருகிட்ட.”

இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் இவன் சொல்வதிலும் எனக்கு ஒரு குறை இருந்தது. அப்படியானால் பாலடினையும் விட்டுவிட வேண்டியதுதானா? சத்தியம் என்று ஒன்று செய்தானே, அதற்கு எடை இல்லையா?

என் அம்மாவைப் பெற்ற தாத்தா லஸ்கராக இருந்தவர். டெல்டாவில் லஸ்கர் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: ரெகுலேட்டரில் ஷட்டர் ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுகிற ஆள். சின்ன உத்தியோகம், ஆனால் தண்ணீர் குறைந்த வருஷத்தில் கலெக்டரை விட அவருக்குத்தான் கும்பிடு அதிகம். முறை வைத்து விடும் நாளில் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு படுப்பார். அந்த நாட்களில் எவர் வீட்டிலும் ஒரு டம்ளர் மோர்கூடக் குடிக்க மாட்டார். ஒரு வருஷம் பாட்டியின் சொந்த அண்ணன் வந்து நின்றிருக்கிறார், ஒரு ராத்திரி நாலு திருகு ஏற்றிவிடச் சொல்லி. தாத்தா முடியாது என்றுவிட்டார். சில நாள் கழித்து அதே வாய்க்காலில் யாரோ கரையை வெட்டித் தண்ணீர் எடுத்தார்கள். ஊர் கூடிக் கரையை அடைத்தது, வெட்டினவனைக் கொஞ்சம் திட்டியது, மறந்துவிட்டது. வெட்டினவன் திருடன், அவ்வளவுதான். தாத்தா திறந்திருந்தால் அப்புறம் முறை என்ற சொல்லுக்கே அந்த வாய்க்காலில் அர்த்தம் இருந்திருக்காது. இதை நான் பெருமையாகப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஒங்க தாத்தா யோக்கியருதான், யாரு இல்லேன்னா? ஆனா எங்கண்ணன் பயிரு காஞ்சது காஞ்சதுதானே” என்றாள். நாற்பது வருஷத்துக் கோபம்.

நான் தேடிக்கொண்டிருந்தது பாட்டியின் அந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவில் இருந்தது. சாவி இல்லாதவனிடம் அலைன்மென்ட் பார்ப்பது வெட்டி வேலை. திருடன் இன்றைக்கு நல்லவன், நாளைக்குத் தன்போக்கு, மறுநாள் கோயில் உண்டியலுக்கு முன்னால் கை நடுங்குகிறவன். அப்படியே இருக்கட்டும், மனிதன் அப்படித்தான். ஷீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஆட்டம் கெடாது. சாவி வாங்கினவன் கதை வேறு. அவன் கையில் இருப்பது அவனுடைய சக்தி இல்லை, ஏழு ஊர் நம்பிக் கொடுத்தது. அவனிடம் கறாராக இருந்தே ஆக வேண்டும். உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, இதைத்தான் செய்கின்றன. ஊரில் இருக்கிற எல்லோருக்கும் ஒழுக்க விதி எழுதவில்லை. வாரியத்துக்குக் குடவோலையில் பேர் போடுகிறவனுக்குத்தான் நிபந்தனை: வயசு 35-க்கு மேல் 70-க்குள் (921-இன் கல்வெட்டுப்படி), கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. ஏரி வாரியமும் அதில் அடக்கம். நாங்கள் சொம்பில் சீட்டுக் குலுக்கிய நாட்களில் இந்த விஷயம் உறைக்கவில்லை, பேரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பாட்டியின் இரண்டாவது வாக்கியம்தான் கஷ்டமானது. காய்ந்தது காய்ந்ததுதான். முறை காத்தாலும் ஒருவன் பயிர் காய்கிறது, மீறினாலும் ஒருவன் பயிர் காய்கிறது. நான் அந்த ஞாயிறு ராத்திரி என்ன காட்டினேன்? ஒளி அணைந்தது, சாமி கைவிட்டார் என்றேன். ஏழாவது ஊருக்குத் திறந்த தண்ணீர் யாருடையது? அன்று முறை மூன்றாவது ஊருக்கு. அங்கே விடியற்காலையில் மண்வெட்டியோடு வந்து வெறும் வாய்க்காலைப் பார்த்த ஆள் யார்? அப்படி ஒரு ஆளை நான் கதையில் வைக்கவே இல்லை. தண்ணீர்க் கணக்கைக் காட்டாமல் புத்தகக் கணக்கைக் காட்டினேன். தலைஞாயிறுக்காரனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவன் ஊருக்குத் தண்ணீர் வராத ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் புத்தகத்தைக் காட்டித்தான் காரணம் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய விதியில் ‘தெரிந்தே’ என்று ஒரு சொல் இருந்ததே, அதையும் நான் மதிக்கவில்லை. கையைச் சாவியில் வைத்தபோதே கேட்டிருக்க வேண்டும்: “இதைத் திருப்பினா சத்தியம் முறியும். சக்தி போகும். திருப்பறியா?” கேட்டிருந்தாலும் திருப்பியிருப்பான், எனக்குத் தெரியும். அப்போது அது அவன் எடுத்த முடிவு. நான் கேட்காததால் அது நான் வைத்த பொறி.

இப்போது எங்கள் மேஜையில் வழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. தெய்வத்திடமோ ராஜாவிடமோ ஊரிடமோ எதையாவது வாங்கிக்கொண்ட பாத்திரம், வாங்கும்போது கொடுத்த வாக்கைத் தன் சொந்த வார்த்தையில், தமிழில், ஒரே வரியில் ஷீட்டில் எழுத வேண்டும். அது முறியப்போகும் நேரத்தில் நான் ஒருமுறை எச்சரிப்பேன், ஒரே ஒருமுறை. முறித்தால் சக்தி போகும், அதில் சலுகை கிடையாது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்குள் அதனால் நஷ்டப்பட்ட ஆள் கதைக்குள் நடந்து வந்து எதிரே நிற்பான். மற்றவர்கள் ஷீட்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. பாத்திரக்கடைக்காரன் ‘வண்டி நேராகப் போகிறது’ என்று எழுதி வைத்திருக்கிறான்.

தலைஞாயிறுக்காரன் அக்டோபர் கடைசியில் வந்தான். சம்பாவுக்கு நேரடி விதைப்பு முடிந்து, மழைக்குப் பயந்துகொண்டிருந்த நேரம். காலில் சேறு காயாமல் மாடிப்படி ஏறி வந்தான். நானும் மன்னிப்பு என்று வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சித்தப்பா மகள் காபி டம்ளரை நகர்த்தி இடம் விட்டாள். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த அதே ஷீட். மடிப்பில் கிழிந்திருந்தது.

“என் ஆளு இன்னும் விழுந்துதான் கெடக்கானா?”

“ஆமா.”

“சாவி?”

“பூசாரி வாங்கிக்கிட்டாரு. மூணாவது ஊர்லேருந்து ஒரு பொம்பள வந்து கோயில் வாசல்ல ஒக்காந்திருக்கு. காஞ்ச நாத்துக் கட்டோட. உன்னத்தான் பாக்கணுமாம்.”

கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நான் போயி அது பக்கத்துல ஒக்காரறேன். என்ன சொல்லுதுன்னு கேக்கறேன்” என்றான்.

“குடவோலை எடு” என்றேன்.

பகடையை உருட்டினான். நாலு விழுந்தது.